கேட்காமல் செய்ய முடிகிறதா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனிதர்களுக்கு விடுதலை உணர்வைத் தருபவை எவை என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த மடல்களில் கேள்வியாக அமைந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிலர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லோருடைய பெயரையும் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கல்லூரி மாணவி, காரைக்குடி

*விடுதலை என்பது மனத்தைப் பொறுத்தது. சிறையில் இருப்பவரும் உள்ளத்தால் சுதந்திரமாக இருக்கலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். கையில் பணம் இருந்தால் போதும் என்கிறாள் என் தோழி. யார் சொல்வது சரி?*

பேராசிரியரின் கருத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை யார் யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். சிறையில் இருப்பவர் தமக்குத் தாமே அப்படிச் சொல்லிக்கொண்டால் அது மனவலிமை. வெளியில் இருப்பவர் உள்ளே இருப்பவருக்கு அதையே எடுத்துச் சொன்னால், பூட்டைத் திறக்காமல் இருப்பதற்கு அவர் ஒரு சாக்குத் தேடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தோழி சொல்வது பாதி உண்மை. நல்ல சம்பளம் வாங்கியும், ஏ.டி.எம். அட்டையைக் கணவரிடமோ தந்தையிடமோ கொடுத்துவிட்டு, தம் தாய்க்கு ஒரு புடவை எடுக்கக்கூடக் கேட்டு நிற்கும் பெண்கள் நம் எல்லோருடைய குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆகவே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: ஒருவர் தம் வாழ்வுக்கு வேண்டிய ஒன்றை, பிறரிடம் அனுமதி கேட்காமலும் காரணம் விளக்காமலும் செய்துகொள்ள முடிகிறதா? முடியுமானால், அதற்கு வழிசெய்த பொருளோ சட்டமோ தொகையோ அவருக்கு விடுதலை தந்திருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. மத்தியப் பிரதேசத்தில், ஊரக வேலை உறுதித் திட்டத்தில் உழைத்த பெண்களின் கூலி பெரும்பாலும் குடும்பத்தலைவரின் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. சில பெண்களுக்கு வெறும் வங்கிக் கணக்கு மட்டும் தொடங்கித் தரப்பட்டது. வேறு சிலருக்குக் கணக்கோடு, கூலி நேரே அந்தக் கணக்கில் விழுவதற்கும் அதை இயக்கும் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இரண்டாம் வகையினர் முதல் வகையினரைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள். அரசுத் திட்டத்துக்கு வெளியேயும் போனார்கள். கூலி விகிதம் ஒரு பைசாகூட உயரவில்லை. பணம் யார் கைக்கு முதலில் வருகிறது என்பது மட்டுமே மாறியது. பேராசிரியர் சொல்லும் மனமாற்றமும் அதற்குப் பின்னாலேயே வந்தது: பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றி அந்தப் பெண்களே கொண்டிருந்த தயக்கம் தளர்ந்ததாகவும் ஆய்வு பதிவுசெய்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

*அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்து பல பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அதைப் பற்றிப் பேசினால் என் பேத்தி சிரிக்கிறாள். ஒரு சைக்கிளை நாங்கள்தான் மிகைப்படுத்திப் பேசுகிறோமா?*

இல்லை, அம்மா. பேத்திக்கு அது சிரிப்பாகத் தோன்றுவதே நீங்கள் செய்த வேலையின் அளவைக் காட்டுகிறது.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது பின்னணி. எழுத்தறிவுக்கான மாவட்ட இயக்கங்களில் எர்ணாகுளம் 1990-இல் வழிகாட்டியது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். மாலை நேர வகுப்புக்குப் பெண்கள் வருவதற்கும், தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்வருவதற்கும் போக்குவரத்தே தடையாக இருந்த நிலையில், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுப்பது என்ற முடிவு இயக்கத்தின் ஒரு பகுதியானது. 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். கேலியும் வசையும் குறைவில்லாமல் கிடைத்த காலம் அது என்பதை நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

பெண்களுக்கான சைக்கிள்கள் கடைகளில் தீர்ந்துபோனபோது அவர்கள் ஆண்களுக்கான சைக்கிள்களையே வாங்கினார்கள் என்பதும், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்பதும் அக்காலச் செய்திகளில் உள்ளன. இந்தச் சிறு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒரு பொருளை வடிவமைத்தவர் நினைத்திராத பயனை அதைத் தேவையோடு பயன்படுத்துபவர் கண்டுபிடிக்கிறார். குழந்தை முன்னால், பின்னால் தண்ணீர்க் குடம் அல்லது சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டை என்று ஒரே நடையில் மூன்று வேலைகள் முடிந்தன. அதற்கு முன்பு, பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டுமென்றால்கூட, கணவரோ அண்ணனோ கொண்டுபோய் விடும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

சைக்கிளின் விளைவை எண்ணிக்கையால் காட்டியது வேறொரு மாநிலம். பீகார் அரசு 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகள் சைக்கிள் வாங்கிக்கொள்ள 2,000 ரூபாய் கொடுத்தது. அண்டையிலுள்ள ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வில், அந்த வயதுக்குரிய வகுப்பில் சேர்ந்த மாணவிகளின் விகிதம் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது தெரியவந்தது. உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மகளைப் படிக்க வைக்க விரும்பாத பெற்றோர் என்று நாம் எளிதாகக் குறை கூறிய பலரும், உண்மையில் அந்த மூன்று கிலோமீட்டருக்குப் பயந்தவர்கள்தான் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

வணிகர், சேலம்

*பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தைச் சிலர் விடுதலை என்று புகழ்கிறார்கள். ஓசியில் கிடைப்பது எப்படி விடுதலையாகும்? அது கையேந்தும் பழக்கத்தைத்தானே வளர்க்கும்?*

நீங்களும் நானும் நடக்கும் சாலைக்கு நாம் ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்துவதில்லை. தெருவிளக்கின் கீழ் நிற்பதற்கும் செலுத்துவதில்லை. அதனால் நமக்குக் கையேந்தும் பழக்கம் வந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. எல்லோருடைய வரியிலிருந்தும் நடக்கும் ஒன்றை ஒரு பிரிவினர் பயன்படுத்தும்போது மட்டும் நாம் 'ஓசி' என்கிறோம்.

தமிழ்நாட்டில் இத்திட்டம் 2021 மே 8 அன்று சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. தில்லியில் 2019-இலேயே இத்தகைய திட்டம் வந்துவிட்டது. கர்நாடகம் 2023-இல் தொடங்கியது. பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக தமிழ்நாட்டின் மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணித்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது சிறு தொகையன்று. ஆனால் மிச்சமாகும் பணத்தைவிட, பேருந்துக் காசுக்காக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கேட்டால் 'எதற்குப் போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய்' என்ற விசாரணையும் கூடவே வரும். மருத்துவமனைக்குப் போவதானாலும் தங்கையைப் பார்க்கப் போவதானாலும் அதே விசாரணைதான்.

குறையைச் சொல்ல வேண்டுமானால் வேறிடத்தில் சொல்லுங்கள். மணிக்கு ஒரு பேருந்துகூட வராத தடத்தில் கட்டணமின்மையால் பயனில்லை. பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தைக் கண்டால் வண்டியைத் தள்ளி நிறுத்தும் ஓட்டுநரைப் பற்றி எங்களுக்கு வந்த மடல்களும் குறைவல்ல.

இல்லத்தரசி, தாம்பரம்

*அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் பதில் மிக்சி, கிரைண்டர், சலவை இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் எனக்கு ஓய்வு இல்லையே, ஏன்?*

இயந்திரம் வேலையின் கடுமையைக் குறைத்தது. அந்த வேலை யாருடையது என்பதை மாற்றவில்லை. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024-இல் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. மகிழ்ச்சியடைவதற்கு முன் அடுத்த எண்ணையும் பாருங்கள்: ஆண்களின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது. மிச்சமான நேரத்தில் தங்கள் பங்கையும் அவர்கள் மறவாமல் எடுத்துக்கொண்டார்கள்.

வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

*அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. பூர்வீக நிலத்தை அண்ணன்கள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள, என் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில் என்னைக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். 'உனக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே' என்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு உறவே போய்விடும் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?*

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். உறவைப் பற்றி அதன் பிறகு பேசலாம். கீழே சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் பொருந்தும்.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தம், அந்த நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமையைத் தந்தது. முன்பே மணமானவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் நெடுநாள் நீடித்து, வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க இயலாது. அப்பா தாமே சம்பாதித்த சொத்து ஏதேனும் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அதிலும் நீங்கள் முதல் நிலை வாரிசு. இது 1956 முதலே உள்ள உரிமை.

நகையும் சீரும் பங்குக்கு ஈடாகும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. மேலும், உங்கள் அண்ணன்களின் படிப்புக்கும் தொழிலுக்கும் அப்பா செலவிட்டதை யாரும் அவர்கள் பங்கிலிருந்து கழித்ததாகத் தெரியவில்லை.

இனி உறவு. உங்கள் பயம் வெறும் கற்பனையன்று. பொங்கல் சீர் நின்றுபோவதும், பிள்ளைகளின் விசேஷங்களில் தாய்மாமன் வராமல் இருந்துவிடுவதும் நம் ஊர்களில் கண்கூடாக நடப்பவை. அவசரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பதிவான விடுதலைப் பத்திரத்தை மாற்றுவது மிகக் கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ எழுதி வாங்கினார்கள் என்று நிரூபித்தால்தான் நீதிமன்றம் அதை நீக்கும். அதற்கும் மூன்றாண்டுக் கெடு உண்டு. வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து, மொத்தச் சொத்து என்ன, உங்கள் பங்கு என்ன மதிப்பு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு முழுப் பங்கையும் கேட்பதா, ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அண்ணன்களுக்கு விட்டுத்தருவதா என்பது உங்கள் முடிவு. தெரிந்து விட்டுக்கொடுப்பதும் உரிமையைப் பயன்படுத்துவதுதான்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வையுங்கள். பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தம் பெயரில் எந்தச் சொத்தும் இல்லாத மனைவியரில் 49 விழுக்காட்டினர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் உடையவர்களில் அது 18 விழுக்காடு. நிலமும் வீடும் உடையவர்களில் 7 விழுக்காடு. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாவட்டத்தில் கிடைத்த எண்கள் இவை. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அங்கு போக வேண்டிய நிலைமை பெரும்பாலும் வருவதில்லை.

தையல் தொழிலாளி, ஈரோடு

*எனக்கு நாற்பத்தாறு வயது. ஊசியில் நூல் கோக்க மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. முந்நூறு ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கிய பிறகு, பழைய வேகத்தில் தைக்கிறேன். இதையும் விடுதலைக் கணக்கில் சேர்ப்பீர்களா?*

முதல் வரிசையிலேயே சேர்ப்பேன். நாற்பதுக்கு மேல் ஏறத்தாழ எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்தை நோயாகவும் நினைக்காமல், செலவழிக்கத் தகுந்த குறையாகவும் நினைக்காமல், 'வயதாகிவிட்டது' என்று வேலையை விட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். அசாமின் தேயிலைத் தோட்டத்தில், நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. உடனே கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட 21.7 விழுக்காடு கூடியது. ஐம்பதைக் கடந்தவர்களிடையே உயர்வு 30 விழுக்காட்டுக்கும் மேல். எடைக்குக் கூலி வாங்கும் தொழிலில் இது நேரடியாகச் சோற்றில் தெரியும். கண்புரை போன்றவற்றுக்கு மதுரை அரவிந்த் மருத்துவமனை, 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியதிலிருந்து செய்துவருவதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் கிளாக்கோமா நோய் ஓசையின்றி வருவது. அதைக் கடைக் கண்ணாடி காட்டிக்கொடுக்காது.

சக்கர நாற்காலி பயன்படுத்தும் வாசகர், சென்னை

*மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதை அமைத்ததைப் பெருஞ்செய்தியாக்கினார்கள். கடற்கரைக்குப் போவதெல்லாம் ஒரு விடுதலையா என்று என் உறவினரே கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?*

அந்த உறவினர் கடைசியாக எத்தனை பேரிடம் அனுமதி பெற்றுக் கடலைப் பார்க்கப் போனார் என்று கேளுங்கள். 2022 நவம்பரில் திறக்கப்பட்ட, 263 மீட்டர் நீளமுள்ள அந்த மரப்பாதையில் வந்து, வாழ்நாளில் முதல் முறையாக அலையில் கால் நனைத்த முதியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியதும், பிறகு சீர்செய்யப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே.

எனினும் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றே முக்கியமானது: அந்தப் பாதை வரை வீட்டிலிருந்து எப்படி வருவது? இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசு வழங்குகிறது. அது கிடைத்தவர்களின் வாழ்வு மாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஸ்கூட்டர் ஓட்ட இயலாதவர்களுக்குப் பேருந்துதான் வேண்டும். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கின, அதுவும் நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்று, அணுகல் வசதியை உரிமையாக்கியது. அதன் கீழ் வந்த விதிகளில் ஒன்று அந்தத் தரங்களை வெறும் பரிந்துரை போலாக்கிவிட்டது என்று கூறி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கி, கட்டாயமான தரங்களை வகுக்கச் சொன்னது. உங்கள் தெருவிலுள்ள வங்கியில் சாய்தளம் இல்லையென்றால், அதை உதவியாகக் கேட்காதீர்கள். சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

சட்ட மாணவர், திருவள்ளூர்

*செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் சில, ஓராண்டிலேயே வேறொரு சூளைக்குப் போய்விடுகின்றன. விடுதலையை அவர்களே விரும்பவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?*

இது அதிகாரிகளும் சூளை உரிமையாளர்களும் வெவ்வேறு காரணங்களுக்காகச் சொல்லும் வாசகம். நீங்கள் வழக்கறிஞராகப் போகிறவர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதற்கு முந்தைய அவசரச் சட்டம் 1975 அக்டோபர் 25 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. அச்சட்டம் மிகக் கூர்மையானது. முன்பணக் கடன் முழுவதையும் அது அழித்துவிடுகிறது. கடன் கொத்தடிமைக் கடனன்று என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பசியால் ஒப்புக்கொண்டு வருபவரையும் கட்டாயப்படுத்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி மீட்புக்குப் பிறகு தொடங்குகிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த உதவியும் நகராது. அதைப் பெற்ற பின் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கலாம். ஆணுக்கு ஒரு இலட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு இலட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு மூன்று இலட்சம் என்ற மறுவாழ்வுத் தொகையோ பெரும்பாலும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை உண்ணும்?

வட மாவட்டங்களில் மீட்கப்படுபவர்களில் பெரும்பங்கினர் இருளர்கள். பலருக்கு மனைப் பட்டா இல்லை, குடும்ப அட்டை இல்லை, பழங்குடியினர் என்பதற்கான சாதிச் சான்றிதழும் இல்லை. பிள்ளையைப் பள்ளி விடுதியில் சேர்க்கவோ தொகுப்பு வீடு கேட்கவோ அந்தச் சான்று வேண்டும். அதைப் பெற, தந்தையிடம் அச்சான்று இருந்ததா என்று கேட்பார்கள். ஏரிக்கரையில் குடிசை போட்டவருக்குக் காய்ச்சல் வந்து, அவசரத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய் தேவைப்படும்போது, கேள்வி கேட்காமல் கொடுப்பவர் ஒருவரே: அடுத்த பருவத்துக்கு ஆள் பிடிக்க வரும் மேஸ்திரி. அவருடைய முன்பணத்தை வாங்குவதை விருப்பம் என்று சொல்வது நேர்மையாகாது.

மாறுதல் நடந்த இடங்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் நின்றபோது வேலையிழந்த இருளர்களுக்காக, 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்கள் அந்த நஞ்சை வாங்குகின்றன. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். உங்கள் மாவட்டத்திலேயே, மீட்கப்பட்ட குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தாங்களே செங்கல் சூளை நடத்தத் தொடங்கினார்கள். ஒரே மண், ஒரே அச்சு, ஒரே வெயில். கணக்கு நோட்டு மட்டும் கை மாறியிருக்கிறது.

ஆகவே நீங்கள் தொழிலுக்கு வந்ததும், மீட்பு நடந்த அன்று எடுக்கும் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், சான்றிதழ், குடும்ப அட்டை, பட்டா என்ற வரிசையில் ஒவ்வொரு மனுவையும் பின்தொடருங்கள். கொத்தடிமை ஒழிப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பல கதவுகள் அந்த ஒரு கேள்வியில் திறக்கும்.

முதியவர், கும்பகோணம்

*என் ஒரே வீட்டை மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தேன். இப்போது மருந்து வாங்கவும் மருமகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டைத் திரும்பப் பெற வழி உண்டா?*

உண்டு, ஐயா, ஆனால் பத்திரத்தின் வாசகத்தைப் பார்க்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யக் கோரலாம். மனுவை உங்கள் வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரித்துப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அதே தீர்ப்பாயத்தில் மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். சட்டத்தில் உள்ள உச்சவரம்பு 10,000 ரூபாய். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணை அழைத்தால் மனு எழுதவும் வழிகாட்டுவார்கள்.

இன்னும் எழுதிக்கொடுக்காத மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் மீது நம்பிக்கை இருந்தால் உயில் எழுதுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பத்திரமே எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்ற வரியைச் சேர்க்காமல் கையெழுத்திட வேண்டாம். பத்திரம் எழுதுபவர் 'அதெல்லாம் எதற்கு ஐயா, பிள்ளைதானே' என்று சொல்லத்தான் செய்வார்.